சாஞ்ச தவடையும் சஞ்சீவி மலையும்

வா மாப்ளே, வா. செருப்ப உள்ள தள்ளி விடு, நாய்க்குட்டி தூக்கிட்டுப் போயிரும். ஏறி உக்காரு. இந்தா, உங்க அத்தை சுட்ட கை முறுக்கு. நல்லாக் கடிச்சுத் தின்னு. காப்பி வருது. நீ தின்னு, நான் சும்மா பாத்துக்கிட்டு இருக்கேன்.

ஆடிப்பூரத் தேருக்குன்னு சென்னையில இருந்து வந்தவன், ஸ்ரீவில்லிபுத்தூர்ல தேரப் பாக்காம செல்போனுக்குள்ள உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னயாமே? ரத வீதியில ஊரே கையத் தூக்கி ‘கோவிந்தா’ங்குது. நீ மட்டும் ரெண்டு விரலால காதோரத் தோலத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னன்னு உன் சம்சாரமே வந்து சொல்லுச்சு. தூக்குனா வாலிபன், விட்டா மாமனார். அதானே கணக்கு? தை மாசம் மகளுக்குக் கல்யாணம். 52 வயசுல ஆல்பத்துல நல்லா விழணும்னு ஆசை. கத்தி வைக்காம, தையல் போடாம தவடைய நிமித்துறதுக்கு டாக்டர்கிட்ட விலைப்பட்டியலே வாங்கி வச்சிருக்கயாம்.

தப்புன்னு நான் சொல்லல மாப்ளே. மூஞ்சி பாக்குறது தப்புன்னா ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேரே வந்திருக்காது. பெருமாளுக்குன்னு பெரியாழ்வார் கட்டி வச்ச மாலைய மக ஆண்டாள் எடுத்துத் தன் கழுத்துல போட்டு, கெணத்துத் தண்ணியில எட்டி எட்டி அழகு பாத்துச்சு. அந்தக் கண்ணாடிக் கெணறு இன்னைக்கும் கோயிலுக்குள்ள இருக்கு. பெருமாளே அந்தப் பிள்ள போட்டுக் கழட்டுன மாலைதான் வேணும்னுட்டாரு. அழகு பாத்ததுக்கு அம்புட்டு மரியாதை. என்ன ஒண்ணு, அந்தப் பிள்ள பாத்தது மாலை எப்படிப் பொருந்துதுன்னு. நீ பாக்குறது எது எங்க தொங்குதுன்னு. கெணறு ஒண்ணுதான், எட்டிப் பாக்குறதுல இருக்கு சூச்சுமம்.

நம்ம பேத்தி மதுரையில தோல் டாக்டருக்கு மேல்படிப்பு படிக்குதுல்ல, லீவுக்கு வந்தா நான் விட மாட்டேன். தாத்தாவுக்குக் கால் அமுக்குன்னு உக்கார வச்சு ஒண்ணொண்ணாக் கேட்டு வச்சுக்கிருவேன். இப்ப நான் சொல்லப் போறதுல நேரா இருக்கறது எல்லாம் அது சொன்னது. கோணலா இருக்கறது என் சொந்தச் சரக்கு.

மொதல்ல எது சாஞ்சிருக்குன்னு தெரிஞ்சுக்கிரணும். பழைய ஓட்டு வீடு ஒழுகுதுன்னு வையி. கொத்தனாரு வந்தவுடனே ஓட்ட மாத்துனான்னா அவன் கெட்டிக்காரன் இல்ல. ஓடு நகண்டுச்சா, கைமரம் வளைஞ்சுச்சா, உத்திரமே எறங்கிருச்சான்னு பாக்கணும். மூஞ்சியும் அப்படித்தான்.

மேல தோலு, அது ஓடு. அதுக்குள்ள கொலாஜன்னு ஒரு நாரு. வாலிபம் தாண்டுனா வருசத்துக்கு நூத்துல ஒரு பங்கு வீதம் அது குறையுமாம். பொம்பளைகளுக்குத் தீட்டு நின்ன மொத 5 வருசத்துலயே நூத்துக்கு 30 பங்கு போயிருமாம். உங்க அத்தைகிட்ட இதச் சொன்னேன். ‘உங்களுக்குச் சமைச்சுப் போட்டுப் போனது எத்தன பங்குன்னு அந்தப் பிள்ளகிட்டக் கேட்டீகளா’ன்னா. அதுக்கப்புறம் நான் அந்தப் பேச்சையே எடுக்குறதில்ல.

தோலுக்குக் கீழ கொழுப்பு. அது ஒரே மெத்தையா இல்ல, பஞ்சுப் பொதி மாதிரி தனித்தனியாக் கட்டி வச்சிருக்கு. வயசாக ஆக, கன்னத்து மேட்டுல இருக்கற பொதி வத்தும், கீழ இருக்கற பொதி சரியும். நாடிக்கு ரெண்டு பக்கமும் தோல எலும்போட சேத்துக் கட்டுன கயிறு மாதிரி ஒரு நாரு இருக்கு. அது லேசுல அசையாது. சரிஞ்சு வந்த பொதி அந்தக் கயித்துல முட்டி நின்னு தவடையோரமாத் தொங்கும். காளைக்குத் தொங்குனா அதுக்குப் பேரு அலைதாடி, சந்தையில அதத் தடவிப் பாத்து விலைய ஏத்துவான். உனக்குத் தொங்குனா நீ காசு குடுத்துக் கழட்டப் பாக்குற. எல்லாம் பொறந்த பொறப்பு.

உனக்கு வேற ஒண்ணும் இருக்கு. வாரம் ஒரு ஊசின்னு செமாக்ளூட்டைடு போட்டு 18 கிலோ குறைச்சயாம்ல? நல்லது, சக்கரைக்கும் நெஞ்சுக்கும் நல்லது. ஆனா வயித்துல இருந்து மட்டும் எடுன்னு கொழுப்புக்குச் சொல்ல முடியுமா? கன்னத்துல இருந்தும் எடுத்துருச்சு. மூட்டை காலி, சாக்கு மட்டும் தொங்குது.

தோலாச்சு, கொழுப்பாச்சு. உத்திரம்னு ஒண்ணு இருக்கு, எலும்பு. அத அப்புறம் சொல்றேன். நீ முறுக்கத் தின்னு.

உன் பட்டியல எடு. மொதல்ல என்ன போட்டிருக்கு? நூலா! யார்கிட்ட வந்து நூலப் பத்திப் பேசுற? பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல ராஜபாளையம் மில்ஸ ஆரம்பிச்ச காலத்துல இருந்து இந்த ஊரு நூலத்தான் சோறாத் திங்குது. நான் 34 வருசம் ஸ்பின்னிங்ல நின்னவன். தூக்கத்துல தடவிக் குடுத்தாலும் எத்தனாம் நம்பர் நூலுன்னு சொல்லிருவேன். ஆனா மூஞ்சிக்குள்ள ஓட்டுற நூலு நான் பாக்காத நூலு. பாலிடையாக்சனோனாம், சுருக்கமா பி.டி.ஓ. ஆபரேசன்ல உள்தையல் போட்டா தானாக் கரையுமே, அதே சாதி. அதுல கருவேல முள்ளு மாதிரி சின்னச் சின்னதா முள்ளு வச்சிருக்கும். காதோரம் ஊசியில நுழைச்சு, கன்னத்துச் சதையில முள்ள மாட்டி, மேல இழுத்து விடுறது.

அன்னைக்கே மூஞ்சி ஏறிரும், அது நெசம். ஆனா நூலு 6 மாசம் போலக் கரைஞ்சிரும். போன வழியில கொஞ்சம் புதுக் கொலாஜன் ஊறும்னாலும், தூக்குனதுல முக்காவாசி வருசத்துக்குள்ள எறங்கிரும்னு பேத்தி சொல்லுச்சு. சில பேருக்குக் கன்னத்துல குழி விழுகும், சில பேருக்கு நூல் முனை தோலுக்கு வெளிய எட்டிப் பாக்கும். மில்லுல இழை அறுந்தா சைடர் ஓடியாந்து ஒட்டுவான். உன் கன்னத்துக்குள்ள அறுந்தா ராத்திரி ஷிப்டுக்கு யாரக் கூப்பிடுவ?

அடுத்தது போடாக்ஸ். இதோட கதை கேட்டா மலைச்சுப் போயிருவ. இருநூறு வருசத்துக்கு முன்னால ஜெர்மனியில கெட்டுப்போன சாசேஜத் தின்னு ஆளுக கைகால் விழுந்து செத்தாக. என்ன விசம்னு ஆராய்ச்சி பண்ணது யூஸ்டினுஸ் கெர்னர்னு ஒரு டாக்டர். அவரு கவிஞரும்கூட. லத்தீன்ல சாசேஜுக்கு போடுலஸ்னு பேரு, அதுலதான் அந்த விசத்துக்குப் பேரு வச்சாக. அப்புறம் மாறுகண்ணுக்கும், நிக்காம இமை துடிக்கிறதுக்கும் மருந்தாச்சு, 1989-ல அமெரிக்காவுல ஒத்துக்கிட்டாக. கனடா நாட்டு வான்கூவர்ல ஜீன் காரதர்ஸ்னு ஒரு கண் டாக்டரம்மா இருந்துச்சு. இமைக்கு ஊசி போட வந்த பொம்பளைக்கு நெத்திச் சுருக்கம் மறைஞ்சதக் கவனிச்சுச்சு. வீட்டுக்காரரு தோல் டாக்டர். புருசனும் பொஞ்சாதியும் சேந்து 1992-ல கட்டுரை எழுதி உலகத்தையே நீவி விட்டுட்டாக. நானும் உங்க அத்தையும் சேந்து இதுவரைக்கும் ஒரு கடுதாசி எழுதுனதில்ல.

அந்த மருந்து நரம்புல இருந்து சதைக்குப் போற தாக்கல மறிச்சிரும். கரண்டு கட்டுன மாதிரி சதை சும்மா கெடக்கும். 3, 4 மாசத்துல கரண்டு திரும்ப வந்துரும். நெத்திக்கு அது ராசா. கீழ் மூஞ்சியில வேலை கொஞ்சம்தான். வாயோரத்தக் கீழ இழுக்குற சதை, நாடியச் சுருக்குற சதை, கழுத்துல கயிறு கயிறா நிக்கிற சதை, இதுகளத் தளர்த்தி விடலாம். அந்தக் கழுத்துக் கயித்துக்கே 2024 அக்டோபர்லதான் அமெரிக்காக்காரன் சரின்னு சொன்னான். தொங்குற பொதிய இது தூக்காது. ஊசி அரை விரக்கடை தள்ளி எறங்குனா சிரிப்பு ஒரு பக்கமாக் கோணிக்கிரும். சம்பந்தி வீட்டு வரவேற்புல நின்னுக்கிட்டு நீ ஒரு பக்கமாச் சிரிச்சா, சீர்வரிசையில குறை சொல்றான்னு நெனப்பாக. பாயசம் குடிச்சா மறுபக்கமா ஒழுகும்.

மூணாவது பில்லர். தலகாணிக்குப் பஞ்சு அடைக்கிற மாதிரி. அதுக்குள்ள இருக்கறது ஹயலுரானிக் அமிலம். நம்ம ஒடம்புலயே இருக்கறதுதான், தண்ணிய இழுத்துப் பிடிச்சு வச்சுக்கிரும். 1934-ல மாட்டுக் கண்ணுல இருந்து மொதல்ல பிரிச்சு எடுத்தாக. அப்புறம் எதுல இருந்து எடுத்தாகன்னு சொன்னா நீ நம்ப மாட்ட. சேவக் கொண்டையில இருந்து! நெசமாத்தான் மாப்ளே. கொண்டையில எடுத்த பில்லருக்கு 2004-ல அமெரிக்காவுல அனுமதியே குடுத்தாக. இப்ப பாக்டீரியாவ வளத்து அதுல இருந்து எடுக்காக, கோழி தப்பிச்சுச்சு. இதக் கேட்ட அன்னைக்குச் சாயங்காலம் நம்ம சேவலக் கூப்பிட்டு அது மூஞ்சிய ஒரு நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன். அதுக்கு நம்மளவிடத் தாடை தொங்குது. கொண்டை நெறைய சரக்க வச்சுக்கிட்டு அது ஏன் தனக்கு ஒண்ணும் பண்ணிக்கிரலன்னு யோசிச்சேன். அதுக்குத் தை மாசம் கல்யாணம் இல்ல போல.

கேலி இருக்கட்டும். பட்டியல்ல அறிவோட பண்ணா உருப்படியானது இதுதாங்குது பேத்தி. வத்திப்போன கன்னத்து மேட்டுக்கும், நாடிக்குப் பக்கத்துப் பள்ளத்துக்கும் கொஞ்சம் குடுத்தா, தொங்குற இடம் தானா மறையும். பிடிக்கலன்னா கரைக்கிறதுக்கும் ஒரு ஊசி இருக்கு. ஆனா ஒரு ஆபத்து. விரலக் குடு இங்க. பல்லக் கடி. தவடையோரமாச் சதை புடைக்குதா? அதுக்கு முன்னால, எலும்பு விளிம்புல விரல வையி. துடிக்குதா? மூஞ்சிக்குப் போற ரத்தக் குழாய் அது. அந்த மாதிரிக் குழாய்க்குள்ள பில்லர் போயிட்டா தோல் செத்துப் போகும். ஆயிரத்துல ஒருத்தருக்குக்கூட வராது, ஆனா வந்தா கண்ணே போனதும் உண்டு. அதனால ஒழுங்காப் படிச்ச தோல் டாக்டரோ பிளாஸ்டிக் சர்ஜனோ, கரைக்கிற மருந்தப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் போடணும். முடி வெட்டுற எடத்துல தள்ளுபடின்னு போட்டான்னா முடிய மட்டும் வெட்டிட்டு வந்துரு.

அப்புறம் அல்ட்ராசவுண்டு. பள்ளிக்கூடத்துல பூதக்கண்ணாடிய வெயில்ல பிடிச்சுப் பேப்பரக் கொளுத்துவியே, அதே வித்தை. சத்தத்த ஒரு புள்ளியில குவிச்சு, மேல்தோலு சுடாம, உள்ள நாலரை மில்லிமீட்டர் ஆழத்துல சுடுறது. 60 டிகிரிக்கு மேல சூடு ஏறும். சுட்ட எடம் சுருங்கும், புதுசா நாரு விடும். 2009-ல புருவத்துக்கு வந்தது, 2012-ல கழுத்துக்கும் நாடிக்கும் கீழ எறங்குச்சு. லேசாத் தளந்தவுகளுக்குச் சரி, பலன் தெரிய 2, 3 மாசம் ஆகும். கொழுப்புக் கம்மியா இருக்கற மூஞ்சியில கண்டபடி சுட்டா இருக்கற கொழுப்பும் உருகிரும்னு பேத்தி எச்சரிக்குது. நீயே வத்திப்போய் வந்திருக்க. வத்துன கெணத்துக்கு மோட்டார் போடாத.

கடைசியா ரெட்டை நாடிக்கு ஒரு ஊசி போட்டிருக்கு. டீஆக்சிகோலிக் அமிலம், பித்தநீர்ல இருக்கற சரக்கு. சோத்துல இருக்கற எண்ணெயக் கரைக்கிறத நாடிக்கடியில குத்துனா அங்க இருக்கற கொழுப்பையும் கரைக்கும். 2015-ல அனுமதி குடுத்தாக. மாசத்துக்கு ஒரு தரம்னு ஆறு தரம் வரைக்கும் போடுவாகளாம். ஒவ்வொரு தரமும் தவளை மாதிரி வீங்கி எறங்கும். உனக்குத்தான் நாடியில கொழுப்பே இல்லையே, வாயிலதான் இருக்கு. அதுக்கு இன்னும் ஊசி வரல.

இம்புட்டும் கேட்டா நம்ம ஊருக்கு ஒரு நட்டம் தெரியுதா? இந்தா இருக்கு சத்திரப்பட்டி. ஊரே ஆஸ்பத்திரிக்குப் பேண்டேஜ் துணி நெய்யுது. கத்தியில்லா வைத்தியம்னு எல்லாரும் கெளம்பிட்டா அந்தத் தறி எல்லாம் என்னத்துக்கு ஆகும்? மூஞ்சி நிமித்தப் போற மகராசன் தறிக்காரன் வயித்தையும் நெனைக்கணும்.

சரி, காசில்லாத வைத்தியத்துக்கு வருவோம். மூஞ்சிக்குத் தேகப் பயிற்சி. கண்ணாடி முன்னால நின்னு கன்னத்த உப்பி, உதட்டக் குவிச்சு, ‘ஈ’ன்னு இளிச்சு நீ பண்றதப் பாத்து எதிர் வீட்டுக் குழந்தை வீறிட்டு அழுதுச்சாமே. அதையும் ஆராய்ச்சி பண்ணிருக்காக. சிகாகோ பக்கம் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துல, 40-ல இருந்து 65 வயசுப் பொம்பளைகளுக்கு 32 பயிற்சி குடுத்து, 20 வாரம் செய்யச் சொன்னாக. 27 பேர் சேந்து 16 பேர்தான் முழுசா முடிச்சாக. போட்டோவ டாக்டர்மாருக்குக் காட்டி வயசு கேட்டா, மொதல்ல சராசரி 50.8-ன்னு மதிச்சவுக, கடைசியில 48.1-ன்னாக. 2018-ல கட்டுரையா வந்துச்சு. ஏறக்குறைய மூணு வயசு லாபம். ஆனா மேடு தட்டுனது கன்னம், தவடைக்கோடு பெருசா மாறல. செய்யாதவுகளோட ஒப்பிட்டும் பாக்கல. அதுவும் மொதல்ல தினமும் அரை மணி நேரம் செய்யணும். என்னக் கேட்டா, அந்த அரை மணி நேரம் உன் சம்சாரத்தோட சண்டை போடு. அதே பயிற்சிதான், விசயமும் முடியும்.

வெயில் இருக்கே மாப்ளே, அதுதான் உள்ள நார அறுக்கறதுல பெரிய ஆளு. ஆஸ்திரேலியாவுல நம்பூர்னு ஒரு ஊரு. நம்மூர் இல்ல, நம்பூர். அங்க 903 பேர வச்சு நாலரை வருசம் பாத்தாக. தினமும் வெயில் கிரீம் பூசுனவுகளுக்கு, இஷ்டத்துக்குப் பூசுனவுகளவிட தோல் முதுமை நூத்துக்கு 24 பங்கு கம்மி. 2013-ல சொன்னாக. இன்னொண்ணு, அமெரிக்காவுல 28 வருசம் லாரி ஓட்டுன ஒரு 69 வயசுக்காரரோட போட்டோவ 2012-ல மருத்துவப் பத்திரிகையில போட்டிருந்தாக. வலது பாதி மகன், இடது பாதி அப்பன். அங்க டிரைவருக்கு இடது பக்கம் சன்னல். கண்ணாடி மூடியிருந்தாலும் அதத் தாண்டி ஒரு கதிர் உள்ள வந்துருது. இதக் கேட்டுட்டு நான் பழைய பஸ் ஸ்டாண்டுல உக்காந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வண்டி டிரைவர்மார் மூஞ்சியா எண்ணுனேன். நம்ம நாட்டுல வலது கன்னம்தான் மூத்தது. ஒரு டிரைவரு ‘என்ன பெருசு, கடன் பாக்கியா’ன்னு கேட்டாரு. நீயும் 20 வருசமாச் சென்னையில காரோட்டுற. வலது பக்கம் திரும்பு... ம். திரும்பிக்கோ.

கிரீம் பூசு, தப்பில்ல. நம்ம ஆண்டாளுக்கே மார்கழியில எண்ணெய்க்காப்பு நடக்குது, மூலிகை போட்டுக் காய்ச்சுன தைலம். நான் 40 வருசமாத் துண்ட முக்காடு போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன், நாட்டுப்புறத்தான்னு சிரிச்சாக. இப்ப ‘சன் புரொடெக்சன்’னு சொன்னா மதிக்கிறாக. அதே துண்டுதான், தொவைக்கக்கூட இல்ல.

மூலிகைன்னதும் உன் கண்ணு மின்னுது. தெரியும், சதுரகிரிச் சித்தர் லேகியம்னு ஒருத்தன் உனக்கு டப்பா வித்திருக்கான். அனுமாரு சஞ்சீவி மலையத் தூக்கிட்டுப் போகும்போது விழுந்த துண்டுன்னு நம்ம ஊரு மலையச் சொல்றாகளே, அந்த மலையடியில 78 வருசமா இருக்கேன். அந்த மலைக்காத்து மேல பட்டா இளமை திரும்பும்னா நான் இந்நேரம் தொட்டில்ல கெடந்திருக்கணும். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துல சாமி பேரே வைத்தியநாதர். திருமலை நாயக்கருக்கு வயித்துவலியத் தீத்து வச்சாருன்னுதான் சொல்வாக. தவடையத் தூக்கி விட்டதா நான் கேட்ட கதையில இல்ல.

இப்ப உத்திரத்துக்கு வருவோம். மாட்டுச் சந்தைக்கு எங்க அய்யாவோட போவேன். தரகரு மாட்டோட தோலப் பாத்து வயசு சொல்ல மாட்டாரு. வாயப் பொளந்து பல்லப் பாப்பாரு. ரெண்டு பல்லு, நாலு பல்லு, ஆறு பல்லு, கடை சேந்தது. வித்தவன் மேல எண்ணெய் தடவி மினுக்கி வச்சிருப்பான், அதெல்லாம் எடுபடாது. வயசு பல்லுல இருக்கு மாப்ளே. மூஞ்சியோட கீழ்ப்பாதி நிக்கிறதே பல்லு மேலதான்.

பல்லு போனா பல்லு மட்டும் போகல. அதப் பிடிச்சிருந்த எலும்புத் திட்டும் கரையும். ஒரு பல்லப் பிடுங்குன எடத்துல ஒரு வருசத்துல திட்டோட அகலம் பாதி போல போயிருமாம், அதுலயும் பெரும்பங்கு மொத மூணு மாசத்துலயே. எல்லாப் பல்லும் போனா நாடி மூக்கத் தேடி மேல வரும், உதடு உள்ள போகும், வாயோரம் மடியும். உத்திரம் எறங்குன வீட்டுல ஓடு மாத்தி என்ன பண்ண?

எனக்கு எப்படித் தெரியும்னு கேக்குறியா? வெத்தலை, பாக்கு, சுண்ணாம்பு. மில்லுல ராத்திரி ஷிப்டுக்குத் தூக்கம் வராம இருக்கப் போட ஆரம்பிச்சேன். பல்லு ஒண்ணொண்ணா ஆடுச்சு, ஒவ்வொண்ணையும் பிடுங்கிட்டு ‘ஒரு பல்லுதானே’ன்னேன். பாக்கு புத்துநோயையும் கொண்டு வரும்னு உலகச் சுகாதார நிறுவனத்துப் புத்துநோய் ஆராய்ச்சிக்காரக 2004-லயே சொல்லிட்டாகளாம், எனக்குச் சேதி பேத்தி பொறந்து வளந்துதான் வந்துச்சு. அறுபதுல என் மூஞ்சி காத்துப் போன சைக்கிள் டியூப்பு. மொதல்ல கட்டுன பல்செட்டு சரியில்ல. தும்முனா எதிராளி மேல விழுந்துச்சு. கட்டுன ஆளு பேரு எதுக்கு, விடு. அடுத்தது அளவா அமைஞ்சுச்சு. அத மாட்டிக்கிட்டு வந்த அன்னைக்கு உங்க அத்தை என்ன ஒரு நிமிசம் அடையாளம் தெரியாமப் பாத்தா. வெக்கப்பட்டு உள்ள போயிட்டா மாப்ளே. கத்தியில்ல, ஊசியில்ல, நூலில்ல. கீழ் மூஞ்சி ஒரு விரக்கடை ஏறிருச்சு.

இப்ப உன் கதை. நீ வந்ததுல இருந்து நான் உன் தவடையப் பாக்கல, முறுக்கப் பாத்துக்கிட்டு இருக்கேன். மொத முறுக்க எடதுபக்கமே ஒதுக்கி ஒதுக்கிக் கடிச்ச. ரெண்டாவதக் காப்பியில முக்கி உறிஞ்சுன. வலதுபக்கம் கீழ கடவாப்பல்லு மூணு இல்ல. எத்தன வருசமாச்சு? எட்டா! எட்டு வருசமா ஓட்டைய அப்படியே விட்டுட்டு, ஓட்டுக்குப் பெயிண்டு அடிக்கக் கெளம்பிருக்க. உன் வீட்டு ஆல்பத்தையும் பாத்தேன். எல்லாப் போட்டோவுலயும் வாய இறுக்கி மூடிக்கிட்டு, கடங்காரன் வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி நிக்கிற. தவடை தொங்குறதால நீ சிரிக்கலன்னு நெனைக்கிற. ஓட்டை தெரியும்னுதான் நீ சிரிக்கல. சிரிச்சா கன்னம் தானா மேல ஏறிக்கிரும், அதுக்கு எந்த டாக்டரும் பில்லு போட முடியாது.

மூணு பல்லக் கட்டுனா தவடை வாலிபமா நிமிந்துரும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். தோலு தோலுதான், வயசு வயசுதான். ஆனா எதுக்கு முன்னால எதுன்னு ஒரு வரிசை இருக்கு. மொதல்ல பல் டாக்டரப் பாரு. எலும்புக்குள்ள டைட்டானியம் திருகு வச்சுப் பல்லு கட்டுவாக. ஸ்வீடன்ல பிரோனெமார்க்னு ஒருத்தர் முயல் எலும்போட டைட்டானியம் ஒட்டிக்கிட்டதப் பாத்து, 1965-ல மனுசனுக்கு வச்சாரு. திருகு எலும்போட பிடிக்க 3-ல இருந்து 6 மாசம். இப்ப என்ன மாசம்? ஆடி. கல்யாணம்? தை. ஆடிப்பட்டம் தேடி விதைன்னு பெரியவுக சும்மா சொல்லல, உன் வாய்க்கும் சேத்துத்தான் சொல்லிருக்காக. எட்டு வருசத்துல எலும்பு ரொம்பக் கரைஞ்சிருந்தா நாளு கூடும். அப்ப கழட்டி மாட்டுற பல்லாவது கட்டிக்கோ. அதோட வெயில் கிரீம். எடைய இன்னும் குறைக்காம ஒரே நெலையில நிறுத்து. கார்த்திகை வாக்குல கண்ணாடியப் பாரு. அப்பவும் பள்ளம் கண்ண உறுத்துனா, நல்ல டாக்டர்கிட்டக் கொஞ்சம் சேவக் கொண்டை போட்டுக்கோ. வீக்கம் கன்னிப்பு வடியறதுக்கு மாசம் ஒண்ணு விட்டுப் போடு. மாமா கேலி பண்ண மாட்டேன். பண்ணுனாலும் உன் காதுல விழுகாமப் பண்ணுவேன்.

என்ன, தலையக் குனிஞ்சுக்கிட்ட? குனிஞ்சா இன்னும் தொங்கும், நிமிரு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து பால்கோவா வாங்கிட்டு வந்தயே, 2019-ல புவிசார் குறியீடு வாங்குன சரக்கு, அந்த டப்பாவ உன் பக்கமே வச்சுக்கோ. மெல்ல வேணாம், தானாக் கரையும். 52 வயசுக்கு இப்போதைக்கு அதுதான் தோது.

அந்த முறுக்குத் தட்ட இங்கிட்டுத் தள்ளு. இந்தத் திண்ணையில பல்லு இருக்கற ஆம்பள நான் ஒருத்தன்தான்.